ஹார்மோன் எதுவரை காப்பாற்றும்?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

"பெண்களுக்கு மாரடைப்பே வராது" என்று அடித்துப் பேசுபவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். அந்த இடத்துக்குக் கொஞ்சம் படித்த பேச்சு ஒன்று வந்திருக்கிறது: "மாதவிடாய் நிற்கும்வரை கவலையில்லை, ஈஸ்ட்ரோஜன் பார்த்துக்கொள்ளும்." ஆண்கள் பக்கமும் இதே கதைதான்: "டெஸ்டோஸ்டிரோன் குறைஞ்சதாலதான் சோர்வு, ஒரு ஊசி போட்டா சரியாயிடும்." இரண்டிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, சிக்கலே அதுதான். ஆணா பெண்ணா என்பதும், உடம்பில் ஓடும் ஹார்மோனும் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கத்தான் செய்கின்றன. ஆனால் எந்த வயதில், எவ்வளவு, எப்படிப்பட்ட உடம்பில் என்று கேட்காமல் பேசினால் பேச்சு முழுக்கத் தப்பாகிவிடும்.

நம்பிக்கை: மாதவிடாய் இருக்கும்வரை மாரடைப்பு வராது.

உண்மை: பெரும்பாலும் தள்ளிப்போகும், அவ்வளவுதான். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், பெண்களுக்கு முதல் மாரடைப்பு ஆண்களைவிடச் சுமார் 9 ஆண்டுகள் பிந்தியே வந்தது. ரத்தக்குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாக ஈஸ்ட்ரோஜன் உதவுகிறது. அதனால் குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும். கெட்ட கொழுப்பையும் அது ஓரளவு கட்டுக்குள் வைக்கிறது. மாதவிடாய் நிற்கும் சமயத்தில் கெட்ட கொழுப்பு ஏறத் தொடங்குவதை ரத்தப் பரிசோதனையிலேயே பார்க்கலாம்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்ற நாட்டவரைவிட 5, 6 ஆண்டுகள் முந்தியே வருகிறது. பெண் என்பதால் கிடைக்கும் அவகாசத்தில் பாதி இங்கேயே போய்விடுகிறது. இதோடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் மிச்சமும் கரையும். இதய நோய் அபாயத்தைச் சர்க்கரை ஆண்களுக்குக் கூட்டுவதைவிடப் பெண்களுக்கு அதிகமாகக் கூட்டுகிறது. 42 வயதில் சுகரும் பிரஷரும் உள்ள ஒரு பெண் "எனக்குத்தான் இன்னும் பீரியட்ஸ் வருதே" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நம்பிக்கை: பெண்களுக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சு வலிக்காது.

உண்மை: பழைய தவறைத் திருத்தப் போய்ப் பிறந்த புதிய தவறு இது. ஆணுக்கும் பெண்ணுக்கும் மாரடைப்பின் முதன்மையான அறிகுறி நெஞ்சு வலிதான். பெண்களுக்கு அதோடு மூச்சு வாங்குதல், குமட்டல், தாடை வலி, முதுகுக்கு நடுவில் வலி, காரணமில்லாத அசதி ஆகியவை கூடுதலாக வருகின்றன. நெஞ்சைப் பற்றிக் கேட்டால்கூட "வலின்னு இல்ல, பாரமா இருக்கு" என்பார்கள்.

வீட்டில் நடப்பது என்ன? "வாயுப் பிடிப்பா இருக்கும்" என்று ஓமத்தண்ணீர் குடிப்பார். முதுகில் தைலம் தேய்க்கச் சொல்வார். பேரன் பள்ளியிலிருந்து வரும் நேரமாயிற்றே என்று அடுப்படிக்குப் போவார். இரண்டு மணி நேரம் இப்படியே கழியும். அடைபட்ட குழாய்க்குக் கீழே இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. இப்படிப்பட்ட தொந்தரவோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள மருத்துவ விதி. அந்த 10 நிமிடம் தொடங்க வேண்டுமானால் முதலில் 108ஐ அழைக்க வேண்டும்.

நம்பிக்கை: மாசமா இருக்கும்போது வந்த பிரஷரும் சுகரும் பிரசவத்தோடு போய்விடும்.

உண்மை: அளவு இறங்கும், அபாயம் இறங்காது. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போன பெண்களுக்குப் பின்னாளில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. கர்ப்ப கால சர்க்கரை இருந்தவர்களுக்கு நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. கர்ப்பிணிகள் எல்லாருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பல்லாண்டு முயற்சிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் குழந்தை பிறந்த பிறகு தாயின் ரிப்போர்ட் பீரோவுக்குள் போய்விடுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்வதுதான் அந்த ரிப்போர்ட்டுக்குச் செய்யும் மரியாதை.

நம்பிக்கை: ஈஸ்ட்ரோஜன் இதயத்துக்கு நல்லதென்றால் மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே!

உண்மை: மருத்துவ உலகமும் இப்படித்தான் நினைத்தது. கையைச் சுட்டுக்கொண்ட பிறகே தெளிந்தது.

முதலில் சுட்டுக்கொண்டது ஆண்களை வைத்து. மாரடைப்பு வந்து பிழைத்த ஆண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள் அமெரிக்காவில். கரோனரி டிரக் புராஜெக்ட் என்று அந்த ஆய்வுக்குப் பெயர். கூடுதல் அளவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மறு மாரடைப்பு அதிகமானதால் 1970இல் அதை நிறுத்தினார்கள். குறைந்த அளவு மாத்திரையும் 1973இல் நிறுத்தப்பட்டது.

அடுத்து பெண்கள். ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் காட்டின. அப்படிச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் வசதியும் படிப்பும் உடல்நல அக்கறையும் உள்ளவர்கள் என்பதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வில், கர்ப்பப்பை உள்ள 50 முதல் 79 வயதுவரையான 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும் மறு பாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 2002 ஜூலையில் ஆய்வு பாதியில் நின்றது. 10,000 பெண்கள் ஓராண்டு நிஜ மாத்திரை சாப்பிட்டால் 7 பேருக்குக் கூடுதலாக இதய நோய், 8 பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம், 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் என்றது கணக்கு. இடுப்பெலும்பு முறிவோ 5 பேருக்குக் குறைந்தது. மூளைக்காவது நல்லது செய்யுமா என்று 65 வயதைத் தாண்டியவர்களிடம் தனியே பார்த்தபோது, மறதிநோய் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது.

இதைப் பார்த்ததும் "ஹார்மோன் மாத்திரை என்றாலே விஷம்" என்று பேச்சு மறுகோடிக்குப் போனது. அதுவும் தப்பு. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகி, ரத்தக்குழாயில் ஏற்கெனவே கொழுப்புப் படிந்தவர்கள் பலர். நாற்றுக்குப் பெய்யும் மழையும் அறுவடைக்கு நிற்கும் நெல்லில் பெய்யும் மழையும் ஒரே தண்ணீர்தான்; விளைவு ஒன்றல்ல. 60 வயதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டு தாண்டாத, வேறு தடை இல்லாத பெண்களுக்கு உடம்பு கொதிப்பு, இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவை தாங்க முடியாமல் போனால் ஹார்மோன் சிகிச்சை ஏற்றதுதான். மாரடைப்பு வராமல் தடுக்க மட்டும் அதைச் சாப்பிடக் கூடாது.

நம்பிக்கை: கர்ப்பப்பையை எடுக்கும்போதே சினைப்பையையும் எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.

உண்மை: ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது கர்ப்பப்பை அல்ல, சினைப்பை. இரண்டு சினைப்பையையும் 45 வயதுக்குள் எடுத்துவிட்டால், இயற்கை பல ஆண்டுகளில் மெதுவாகக் குறைப்பது ஓரிரு நாளில் சரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வுகளில், பிற்காலத்தில் இதய நோயும் நினைவாற்றல் இழப்பும் அதிகம் தென்பட்டன. புற்றுநோய், அல்லது அதற்கான மரபணு அபாயம் இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதிக ரத்தப்போக்கு, நார்த்திசுக் கட்டி என்று ஆபரேஷனுக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "டாக்டர், ஓவரியை விட்டுவைக்க முடியுமா?" எடுத்தே தீர வேண்டுமென்றால், 50 வயதுவரை ஈஸ்ட்ரோஜனை ஈடுசெய்ய முடியுமா என்பது அடுத்த கேள்வி.

நம்பிக்கை: மாதவிடாய்த் தலைவலி வெறும் டென்ஷன்.

உண்மை: பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி ஆண்களைவிட மூன்று மடங்கு அதிகம். வயதுக்கு வருவதற்கு முன் இந்த வித்தியாசம் இல்லை. மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் சடாரென்று இறங்குவதே தூண்டுதல் என்று ஆஸ்திரேலிய மருத்துவர் பிரையன் சோமர்வில் 1972இல் காட்டினார்: ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டு அந்த இறக்கத்தைத் தள்ளிவைத்தால் தலைவலியும் தள்ளிப்போயிற்று.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தலைவலிக்கு முன் கண்ணில் வளைவு நெளிவாக மின்னும் கோடுகளோ குருட்டுப் புள்ளியோ தெரிகிறவர்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிடக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கவாதம் வரும் வாய்ப்பு கூடும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் "தள்ளிப்போட" மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதும் ஹார்மோன் மாத்திரைதான். ரத்தம் உறைந்த பழைய கதை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

நம்பிக்கை: துக்கத்தில் நெஞ்சு வெடிப்பதெல்லாம் சினிமாவில்தான்.

உண்மை: நெஞ்சு வெடிக்காது, இதயத்தின் கீழ்ப்பகுதி திடீரென ஊதிச் செயலிழக்கும். ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் இதை விவரித்து டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். சாவுச் செய்தி, சண்டை, அதிர்ச்சி எதுவானாலும் நரம்பு மண்டலம் அட்ரினலினைக் கொட்டும். ஈசிஜி மாரடைப்பு என்றே காட்டும். ஆஞ்சியோவில் அடைப்பு இருக்காது. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள். அநேகமாகச் சில வாரங்களில் இதயம் தேறிவிடும். ஆண்களுக்கு அரிது, வந்தால் உயிரிழப்பு அதிகம். தீர்ப்புப் பிழைத்ததை அறிந்து அரியணையிலிருந்து விழுந்து இறந்த சிலப்பதிகாரப் பாண்டியனைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டியதில்லை.

நம்பிக்கை: டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் ஆண்மையும் ஆரோக்கியமும் ஏறும்.

உண்மை: ஆண் உடம்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது, கொழுப்பிலும் மூளையிலும்கூட இது நடக்கிறது. தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருப்பது சகஜம். எடை குறைந்தால் தானே ஏறும். டெஸ்டோஸ்டிரோன் குறைபாடும் இதய அபாயமும் உள்ள 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 2023இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் சற்று அதிகம்.

குறைபாடே இல்லாத இளைஞன் ஜிம்மில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு ஊசியைப் பல மடங்கு அளவில் போட்டுக்கொள்வதற்கு இந்த ஆய்வு சான்றிதழ் தராது. அங்கே நல்ல கொழுப்பு சரியும், ரத்தம் கெட்டியாகும், இதயத் தசை தடித்துப் பலமிழக்கும், விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும்.

டாக்டரிடம் போனால் "பிரஷர் இருக்கா, சுகர் இருக்கா, பீடி சிகரெட் உண்டா" என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை இவை: மாதவிடாய் நின்ற வயது, சினைப்பை இருக்கிறதா இல்லையா, கர்ப்பத்தில் பிரஷரோ சுகரோ வந்ததா, கண்ணில் மின்னலோடு தலைவலி வருமா, ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எப்போதாவது எடுத்ததுண்டா. சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகாது. கொழுப்பு, பிரஷர் எண்களோடு இந்தப் பதில்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் இதயத்துக்கு இருக்கும் அபாயம் அவருக்குச் சரியாகப் புரியும்.