சுளகுக்கு வாரியம் இல்லை

அன்புள்ள மருமகளுக்கு,

பீடிக் கட்டில் புற்றுநோய்ப் படம் போடச் சொல்வதும் அரசாங்கம், புகையிலையை வளர்க்க வாரியம் வைத்திருப்பதும் அதே அரசாங்கம், இதில் எது உண்மையான அரசாங்கம் என்று கேட்டிருந்தாய். இரண்டும் உண்மைதான். டெல்லியில் ஒவ்வொரு அமைச்சகமும் ஒரு தனி வீடு. ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வீட்டுக்குக் கேட்பதில்லை. நான் எழுதப்போவது அந்த வீடுகளுக்குள் யார் நுழைய முடிகிறது, யாருடைய செலவில் நுழைகிறார்கள் என்பதைப் பற்றி.

முதலில் நம் ஊரைப் பார். அம்பாசமுத்திரம், முக்கூடல், கடையம், பொட்டல்புதூர், ஆலங்குளம் என்று நீளும் இந்தப் பக்கம் முழுக்க வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் இங்கே விளைவது நெல்லும் வாழையும். பீடிக்கு வேண்டிய இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து வருகிறது. தூளுக்கான புகையிலை குஜராத்திலும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கமும் விளைகிறது. நாம் கொடுப்பது விரல்களை மட்டும்தான். உன் அம்மா கடையில் இலையும் தூளும் வாங்கி வந்து, இலையை நனைத்து வெட்டி, சுளகை மடியில் வைத்துச் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கழித்துப் போட்ட பீடிக்குக் கூலி கிடையாது, அந்தப் பீடி திரும்பி வருவதும் கிடையாது. நாடு முழுக்க இப்படிப் பதிவு செய்த பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்பது அரசாங்கத்தின் கணக்கு. பெரும்பாலோர் பெண்கள்.

இப்போது வாரியத்துக்கு வருவோம். 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது புகையிலை வாரியம். தலைமையகம் குண்டூர், பொறுப்பு மத்திய வர்த்தக அமைச்சகம். அது செய்த நல்லதையும் சொல்லிவிட வேண்டும். 1984இல் அது ஏல மையங்களைத் தொடங்கியதால் ஆந்திர, கர்நாடக விவசாயிகள் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டிய நிலை குறைந்தது. ஆனால் வாரியம் பார்ப்பது சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா புகையிலையை. பீடித் தூள் அதன் கணக்கில் இல்லை. பீடி சுற்றும் பெண் அதைவிடத் தூரம்.

2010இல் உலகப் புகையிலை நிறுவனங்கள் பெங்களூரில் ஒரு மாநாடு கூட்டின. அதற்கு ஆதரவாளராக நின்றது நம் புகையிலை வாரியம், அதாவது பொதுப்பணத்தில் நடக்கும் ஓர் அமைப்பு. இந்தியா 2004 பிப்ரவரியிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்றுக்கொண்ட நாடு. சுகாதாரக் கொள்கையில் புகையிலைத் தொழிலின் கை படக்கூடாது என்கிறது அதன் 5.3ஆம் பிரிவு. பெங்களூரின் பொது சுகாதார நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வாரியம் விலகியது.

இதன் சூட்சுமத்தைக் கவனி. அரசாங்கம் பணம் கொடுத்து ஓர் அமைப்பை வளர்க்கிறது. அந்த அமைப்பு திரும்பி வந்து அரசாங்கத்திடமே மனுக் கொடுக்கிறது. ‘துறையினர் கோருகிறார்கள்’ என்று கோப்பில் எழுதப்படுகிறது. தன் குரலையே வெளியிலிருந்து வந்த குரல் என்று எண்ணி அரசாங்கம் முடிவெடுக்கிறது. பணம் மட்டுமல்ல, பங்கும் உண்டு. எல்.ஐ.சி. போன்ற அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் சிகரெட் தயாரிக்கும் ஐ.டி.சி.யின் பெரிய பங்குதாரர்கள். நம் வீட்டுப் பிரீமியத்திலும் கொஞ்சம் சிகரெட் இருக்கிறது.

சில நேரம் பணம்கூடத் தேவையில்லை, நாற்காலி போதும். புகையிலைப் பெட்டியின் இருபக்கமும் 85 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை வர வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். மக்களவையின் துணைச் சட்டங்களுக்கான குழு அதைத் தள்ளிவைக்கச் சொன்னது. புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வெல்லாம் வெளிநாட்டு ஆய்வு என்றார் குழுத் தலைவர் திலீப் காந்தி. மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் பல் ஆய்வுப் பிரிவு 1960களிலேயே இந்தியக் கிராமங்களில் வாய்ப்புற்றுநோயை ஆராயத் தொடங்கியிருந்தது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். அதே குழுவில் உறுப்பினராக இருந்த அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா பீடித் தொழிலதிபர். விதி ஒரு வருடம் தாமதமாக, 2016 ஏப்ரலில் வந்தது. அந்தக் குழு கூடிய அறையில் பீடித் தொழிலின் பெயரால் பேச முதலாளியே இருந்தார். சுளகு பிடித்தவள் ஒருத்திக்கும் அங்கே இடம் இல்லை.

எனக்கு இதைவிட ஆத்திரம் தருவது நலநிதியின் கதை. உன் வகுப்பில் சிலர் அதில் இருந்து வந்த உதவித்தொகையில் படித்திருப்பார்கள். 1976இல் பாராளுமன்றம் இரண்டு சட்டங்கள் போட்டது. ஒன்று பீடித் தொழில் மீது தீர்வை வசூலிக்க. மற்றொன்று அந்தப் பணத்தில் பீடித் தொழிலாளிக்கு மருத்துவம், வீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி செய்ய. முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனையும் அந்த ஏற்பாட்டைச் சேர்ந்ததுதான். நல்ல எண்ணம், சந்தேகமில்லை. ஆனால் கட்டிய விதத்தைப் பார். பீடி அதிகம் விற்றால் நிதி பெருகும், குறைந்தால் வற்றும். பீடியைக் குறைக்கச் சொல்வது சுகாதார அமைச்சகம். பீடி குறைந்தால் கையைப் பிசைய வேண்டியது தொழிலாளர் அமைச்சகம். மகளின் படிப்பை அம்மா சுற்றும் பீடியின் எண்ணிக்கையோடு முடிச்சுப் போட்டவர்கள், அவள் வேறு தொழிலுக்குப் போக நினைத்தால் என்ன செய்வாள் என்று யோசிக்கவே இல்லை.

பிறகு 2017இல் ஜி.எஸ்.டி. வந்தது. வரிகளையெல்லாம் ஒன்றாக்கும் வேகத்தில் பீடித் தீர்வையும் போனது. திட்டங்கள் நின்றுவிடவில்லை, பொது பட்ஜெட்டில் இருந்து பணம் வரும் என்றார்கள். முன்னே இருந்தது குறையுள்ள ஏற்பாடு என்றாலும் அந்தப் பணத்தைச் சட்டம் கட்டிவைத்திருந்தது. இப்போது அது ஆண்டுதோறும் நிதி அமைச்சகத்தின் தாராளத்தைப் பொறுத்தது.

பீடி முதலாளிகளின் சங்கங்கள் எப்போதும் மல்லுக்கட்டுவது வரி விகிதத்துக்காக. ஒவ்வொரு முறையும் முன்வைக்கும் காரணம், ‘50 லட்சம் ஏழைப் பெண்களின் பிழைப்பு.’ 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பீடி வரியை 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகவும் இலைக்கான வரியை 18இல் இருந்து 5 ஆகவும் குறைக்க முடிவு செய்தது. சிகரெட்டுக்கு 40. புகை ஒன்றுதான், நுரையீரலும் ஒன்றுதான். பெண்களின் பெயரைச் சொல்லிக் குறைத்த வரியில் ஒரு ரூபாயாவது அவர்கள் கூலிக்குப் போக வேண்டும் என்று கேட்க வரி விகிதப் பட்டியலில் இடம் கிடையாது. கூலி வேறு அமைச்சகம், வேறு வீடு.

எதிர்ப்பக்கத்திலும் இதே கேள்வியைக் கேட்கப் பழகு, இல்லாவிட்டால் நீ கட்சிக்காரியாகிவிடுவாய். புகையிலை எதிர்ப்பு இயக்கங்களும் யாரிடமோ பணம் வாங்கித்தான் பேசுகின்றன. 2017இல் இந்தியப் பொது சுகாதார அறக்கட்டளையின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை உள்துறை அமைச்சகம் ரத்து செய்தது. புகையிலைக் கொள்கைக்காக எம்.பி.க்களிடமும் ஊடகங்களிடமும் லாபி செய்ய அந்தப் பணத்தைச் செலவிட்டது என்பது ஒரு குற்றச்சாட்டு. வெளிநாட்டுப் பணத்தில் சிகரெட்டுக்கு எதிராகப் பேசியதற்காக உரிமம் போனது, அரசுப் பணத்தில் சிகரெட் மாநாட்டுக்குத் துணை நின்ற வாரியமோ அப்படியே நிற்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு படிப்பு.

அரசு மானியம் வாங்குபவர்கள் யாருமே கொள்கை பேசக்கூடாது என்று தடுத்துவிடலாமே என்று நீ கேட்கலாம். பிரிட்டன் 2016 பிப்ரவரியில் அப்படி ஒரு நிபந்தனையை அறிவித்தது. ஆய்வாளர்களும் தொண்டு நிறுவனங்களும் கொதித்தெழ, நடைமுறைக்கு வரும் முன்பே நிறுத்திவைத்தது. ஆய்வு நடத்தப் பணம் வாங்கியவர் ஆய்வில் கண்டதை அமைச்சரிடம் சொல்லக்கூடாது என்றால் ஆய்வு எதற்கு? என் எண்ணம் இவ்வளவுதான்: பேசட்டும், ஆனால் யார் பணத்தில் பேசுகிறார்கள் என்பது வெளியே தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் லாபிக்காரர் பதிவு செய்து கணக்குக் காட்ட வேண்டும். இங்கே அப்படிச் சட்டம் இல்லை. சட்ட வரைவுகளை 30 நாளாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற 2014ஆம் ஆண்டுக் கொள்கை இருக்கிறது, பல அமைச்சகங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்துக்கு ஒரு மனுப் போடு. கட்டணம் 10 ரூபாய், தமிழிலேயே எழுதலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் நிதி குறைந்தது?’ என்று கேட்காதே. காரணம் கேட்டால் தகவல் இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேள். 2016–17இல் தொடங்கி ஆண்டுவாரியாகப் பீடித் தொழிலாளர் நலத் திட்டங்களுக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, நம் மாவட்டத்தில் எத்தனை மாணவருக்கு உதவித்தொகை போனது. தீர்வையை நீக்குமுன் கருத்துக் கேட்கப்பட்ட சங்கங்களின் பெயர்ப் பட்டியலுக்கும் அவை கொடுத்த கடிதங்களுக்கும் நகல் கேள். அந்தப் பட்டியலில் பீடி சுற்றுபவர்களின் தொழிற்சங்கங்கள் எத்தனை என்று பார்த்து எனக்கு எழுது. மனுவை அனுப்புமுன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு. எதைக் கேட்க விட்டோம் என்று அவள் சொல்வாள்.

அன்புடன்,
உன் மாமா