பழைய வில்லுக்கத்தியைத் திருத்திப் பாவித்தல்

வீட்டைவிட்டு வரும்போது மடியில் வந்த வில்லுக்கத்தி துருவேறி விரியாமல் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பழைய உருக்கு துருப்பிடிக்கும்தான். ஆனால் சாதாரண கல்லிலேயே நன்றாகக் கூர்ப்படும்.

பலவந்தமாக விரித்தால் வில் முறியும். மூட்டை மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவிடுவோம். செந்துருவைப் பொச்சும் சாம்பலும் கொண்டு தேய்த்துச் சவர்க்காரத்தால் கழுவுவோம். கருமை இருந்தால் இருக்கட்டும். அது அலகைத் தின்னாது.

சாணைச் சில்லில் கொடுப்பதில் எமக்கு விருப்பமில்லை. அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் தோய்ச்சல் போய்விடும். பிறகு கூர் நில்லாது. நனைத்த கல்லில், அலகின் அகலத்தில் மூன்றிலொரு பங்களவு முதுகை உயர்த்தி, இரு பக்கமும் ஒரேயளவாகத் தீட்டுங்கள். மாங்கன்றுக்கு ஒட்டுக்கட்ட இந்தக் கூர் வேண்டும். மழுங்கிய அலகு பட்டையை நசுக்கும்; ஒட்டுப் பிடியாது.

தேசிக்காய் வெட்டினால் உடனே கழுவித் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு மடியுங்கள்.