இன்றே தொடங்குக

தொண்டை நாட்டுத் திவ்யதேசங்களுள் ஒன்றாகிய திருநின்றவூரைத் திருமங்கையாழ்வார் பாடாமலே கடந்து சென்றார் என்பது ஸ்தல ஐதிஹ்யம். ‘ஆழ்வார் போய்விட்டார், இனி என் செய்வது?’ என்று என்னைப் பெற்ற தாயார் வாளா இருக்கவில்லை. பாசுரம் பெற்று வருமாறு ஸ்ரீபக்தவத்ஸலப் பெருமாளை அனுப்பினாள். அதற்குள் ஆழ்வார் திருக்கடல்மல்லையை அடைந்துவிட்டார். பெருமாள் அங்கே எழுந்தருளி ஒரு பாசுரம் பெற்றார். பிற தலங்களுக்குப் பல பாசுரங்கள் இருக்க, இவ்வூருக்கு ஒன்றுதானா என்று தாயார் மீண்டும் அனுப்பினாள். திருக்கண்ணமங்கையில் மற்றொன்றும் கிடைத்தது. இவ்விரண்டும் பெரிய திருமொழியில் உள்ளன.

தவறிய வாய்ப்பையும் தொடர்ந்து சென்று பெறலாம் என்பதே இதன் ஸாரம். ‘பெண்ணின் கல்யாணம் முடியட்டும், உத்யோகத்திலிருந்து ஓய்வு கிடைக்கட்டும், பிறகு திவ்யப்பிரபந்தம் கற்போம்’ என்பார் பலர். ஒரு காரியம் முடிந்தால் மற்றொன்று வரும், சாக்குக்கு முடிவேயில்லை. ஆயுளுக்கோ முடிவுண்டு. தினம் ஒரு பாசுரமாகக் கற்றால், 30 பாசுரங்கள் கொண்ட திருப்பாவை ஒரே மாதத்தில் நெஞ்சில் நிலைபெறும். உத்ஸவம் ஸேவிக்க வந்த அன்பர்கள், ஊர் திரும்புமுன் முதற் பாசுரத்தை இத்திருமதிலுக்குள்ளேயே தொடங்குவாராக. தாயார் துணை நிற்பாள்.