கிறிஸ்துமஸ் பெயிண்ட் காத்திருக்கட்டும், மழைத் தண்ணீரை முதலில் கவனியுங்கள்

ஜொகூரின் ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் பழைய தேவாலயம், தோட்டக் கோயில், பலகைப் பள்ளிக்கூடம், தாத்தா காலத்துக் கடைவீடு என்று எதையாவது பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கான அக்டோபர் மாத ஆலோசனை இது. வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். அதற்கு முன்பே, காற்று திசை மாறும் இந்த நாள்களில் பிற்பகல் இடிமழை பிடித்துக்கொள்ளும். காலையில் வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏணி வைத்து ஏறக்கூடிய காலைகள் இன்னும் சில வாரங்களுக்குத்தான் கிடைக்கும்.

தீபாவளிக்குக் கோயிலுக்கும் கிறிஸ்துமஸுக்குத் தேவாலயத்துக்கும் வர்ணம் பூசுவது நம்மவர்களின் வழக்கம். நல்ல மனதோடு செய்கிறோம், நன்கொடையும் தாராளமாக வருகிறது. ஆனால் ஆண்டிலேயே சுவர் அதிகம் ஈரம் குடித்திருக்கும் மாதங்களில் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டைப் பூசி மூடிவிடுகிறோம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே வர வழி தேடும். பிப்ரவரிக்குள் பெயிண்ட் கொப்பளித்து உரியும், கூடவே சுண்ணாம்புப் பூச்சும் பெயரும். அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு பூச்சு. பழைய கட்டடங்கள் பல இப்படித்தான் அன்பினாலேயே பாழாகின்றன. இந்த ஆண்டு பெயிண்ட் பணத்தை எடுத்து வையுங்கள். சுவர் காய்ந்திருக்கும் ஜூன், ஜூலையில் பூசிக்கொள்ளலாம். இப்போது செய்ய வேண்டிய வேலை முழுவதும் தண்ணீரைப் பற்றியது.

கூரையிலிருந்து தொடங்குங்கள். பத்து மீட்டர் அகலமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறிய தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்தக் கூரையில் மட்டும் 20,000 லிட்டர் தண்ணீர் விழும். நம் பக்கத்துப் பெருமழைக்கு இது பெரிய அளவே இல்லை. அவ்வளவு தண்ணீரும் கூரையோரத் தகரக் கால்வாய் வழியாகவும் நான்கைந்து குழாய்கள் வழியாகவும்தான் இறங்கியாக வேண்டும். ஒரு குழாயின் வாயில் பறவைக்கூடோ சருகோ அடைத்திருந்தால் போதும், தண்ணீர் வழிந்து சுவர் உச்சிக்குள் இறங்கும். கூரைச் சட்டத்தின் நுனி சுவரில் உட்காரும் இடம் அதுதான். மேலே மரம் உளுத்துப்போவது கீழே இருப்பவர் கண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாது.

கால்வாயைக் கையால் வழித்து எடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது கீழே குழாய் வழியாக வருகிறதா என்று ஒருவர் நின்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்த கையோடு இந்தச் சோதனையையும் செய்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். நகர்ந்த ஓட்டை அதன் இடத்தில் தள்ளி வையுங்கள். உடைந்த ஓட்டுக்குப் பதில் அதே வகைப் பழைய ஓடு கிடைக்காவிட்டால், தற்காலிகமாக அடியில் தகடு செருகுங்கள். சிமெண்டு கலவையை அப்பினால் பக்கத்து ஓடுகளும் சேர்ந்து உடையும். தோட்டக் கட்டடங்கள் சிலவற்றில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கிறது. அதைத் துளைக்கவோ அறுக்கவோ தேய்த்துக் கழுவவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்கு ஆபத்து, தெரிந்த ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் பராமரிப்பு வாரம் நடத்துகிறது. கால்வாயைச் சுத்தம் செய்யுங்கள், குழாயைப் பாருங்கள் என்பதுதான் அவர்கள் ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. பனி பெய்யும் நாட்டுக்கே அது பொருந்தும் என்றால், ஜொகூர் மழைக்குச் சொல்லவே வேண்டாம்.

கூரைத் தண்ணீர் தரைக்கு வந்த பிறகு எங்கே போகிறது என்று பாருங்கள். பல இடங்களில் குழாய் சுவரின் காலடியிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே பள்ளம் விழுந்து, தண்ணீர் தேங்கி, அடிச்சுவர் அதை உறிஞ்சும். குழாயின் கீழ்முனையில் ஒரு வளைவு மாட்டி, தண்ணீரை லோங்காங் வரை கொண்டு சேருங்கள். அந்த லோங்காங்கைத் தூர் வாருங்கள், ஆனால் ஆழப்படுத்த வேண்டாம். மேற்கு ஜொகூரில் பல இடங்களில் மென்மையான களிமண்ணும் சதுப்புக் கரிமண்ணும் இருக்கின்றன. கரிமண் காய்ந்தால் சுருங்கித் தாழும். அடித்தளத்தை ஒட்டி ஆழமாக வெட்டினால் நிலத்தடி ஈரம் ஒரு பக்கம் மட்டும் வடிந்து, கட்டடமும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கும். நிலத்தை அறிந்து கட்டியவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். சென்னை எழும்பூரில் 1821இல் கட்டி முடித்த புனித அந்திரேயா தேவாலயத்தை, இளகிய மண்ணில் வரிசையாகக் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் நிறுத்தினார்கள். நம் ஊர்க் கட்டடங்களுக்கு அப்படிப்பட்ட அடித்தளம் கிடையாது. அதனால் சுற்றியுள்ள மண்ணை அலைக்கழிக்காமல் விடுவதே அவற்றுக்குப் பாதுகாப்பு.

இனி சுவர். போருக்கு முந்திய செங்கல் கட்டடம் என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியதாகவே இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் இந்தப் போக்குவரத்து நின்றுவிடும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டுக்குப் பின்னால் அடைபட்டு இன்னும் மேலே ஏறும், கூடவே உப்பும் ஏறும். அந்த உப்பு காய்ந்து படிகமாகும்போது செங்கலின் முகத்தையே மாவாக உதிர்த்துவிடும். உங்கள் கட்டடத்தில் இது நடக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியான ஒலி வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. ‘பொத்’தென்று வெற்றொலி கேட்டால் பின்னால் விட்டுவிட்டது. அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். சுவரில் வெள்ளைத் தூள் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி, தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போய்விடும். சுவரை ஒட்டிய பெஞ்சு, அலமாரி, பீரோ எல்லாவற்றையும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். அதற்கு மேல் இந்தப் பருவத்தில் சுவரைத் தொட வேண்டாம். புதுச் சுண்ணாம்புப் பூச்சு மெல்ல இறுக வேண்டும், அடைமழை அதைக் கரைத்துவிடும். அதுவும் ஜூன் வேலை.

சுண்ணாம்பு வேலை நமக்குப் புதிதல்ல. பக்கத்துச் சிங்கப்பூரில் இருக்கும் புனித அந்திரேயா பேராலயம் 1850களில் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழத் தொடங்கியது. அதன் சுவருக்கு மதராஸ் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்து, பூசிய பின் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். தமிழ்நாட்டில் கடுக்காயும் வெல்லமும் சேர்ப்பார்கள். அந்தக் கைத்தொழில் இந்த மண்ணுக்கு நம்மவர்களோடு வந்தது, இன்று நாமே அதை மறந்து சிமெண்டு மூட்டையைத் தேடி ஓடுகிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. உங்கள் குழுவில் வயதான கொத்தனார் யாராவது இருந்தால், இந்த மழைக்காலத்தில் அவரோடு உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பை வாங்கித் தண்ணீரில் ஊறப்போட இதுவே சரியான நேரம். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவுக்குக் கலவை வழுவழுப்பாக வரும், ஆறேழு மாதம் ஊறினால் மிக நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள்.

மரத்துக்கு வருவோம். செங்கால் மரத்தின் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. மெராந்தியும் ரப்பர் பலகையும் அப்படியல்ல. முன்பு கித்தாக்காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிய தோட்டங்களில், மண்ணுக்குள் கிடக்கும் பழைய வேரும் கட்டையும் கரையானுக்குத் தீனி. கட்டடத்தைச் சுற்றி அப்படிப்பட்ட கட்டைகள் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள், சுவரில் சாய்த்து வைத்த பழைய பலகைகளையும்தான். பீடத்தின் அடிப்பாகம், பாடகர் மாடியின் படிக்கட்டு, கதவு நிலை, சப்பரம் நிறுத்தும் கொட்டகை ஆகிய நான்கு இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில் பருமனில் மண் தடம் ஏறியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, கரையான் ஒழிப்பவரை அழைத்து அந்தத் தடத்தைக் காட்டுங்கள். தடத்தை அழித்துவிட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியாமல் போகும். மலாக்காவில் 1753இல் முடிந்த கிறிஸ்து ஆலயத்தின் கூரை உத்தரங்கள் ஒவ்வொன்றும் ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் அறுத்தவை. அந்த நீளத்தில் மரம் இனி எங்கே கிடைக்கும்? உங்கள் கட்டடத்தில் இருப்பது சின்ன உத்தரமாக இருக்கலாம், அதற்கும் மாற்று சுலபமாகக் கிடைக்காது.

சுவர் வெடிப்பிலும் கோபுரத்திலும் முளைத்திருக்கும் ஆலங்கன்று, அரசங்கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவி, வேர் உள்ளேயே பட்டுப்போக விடுங்கள். பாசியைப் போக்க அழுத்தத் தண்ணீர் இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும் எண்ணமிருந்தால் கைவிடுங்கள். தமிழ்நாட்டில் மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்ததில் எத்தனையோ கோயில் சிற்பங்களின் நுணுக்கம் தேய்ந்து போயிற்று. சுதைச் சிற்பத்துக்கும் சுண்ணாம்புச் சுவருக்கும் வேகத் தண்ணீர் அதே கேட்டைத்தான் செய்யும். மென்மையான தூரிகையும் பொறுமையும் போதும். மச்சாப் பக்கத்துப் பானைத் தொழிற்கூடங்களில் நீளமான பழைய விறகுச் சூளை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். சூளைக்கு மேலுள்ள கொட்டகை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நனைந்த செங்கல்லில் தீ மூட்டினால் உள்ளிருக்கும் நீராவியே அதைப் பிளந்துவிடும்.

வெள்ளத்தை நாம் பார்த்தவர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை வெள்ளம் இரண்டு முறை அடுத்தடுத்துத் தாக்கியது. 2023 மார்ச்சில் யோங் பெங்கும் பத்து பகாட்டும் மூழ்கி, மக்கள் வாரக்கணக்கில் நிவாரண மையங்களில் இருந்தார்கள். ஆகவே ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, கோயில் கணக்குப் புத்தகம், பழைய பள்ளி வருகைப் பதிவேடு எல்லாவற்றையும் இந்த வாரமே ஒவ்வொரு பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் பிரதி வையுங்கள். மூலத்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு உயரமான அலமாரிக்கு ஏற்றுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால் வெயிலில் விரிக்காதீர்கள். நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். இரண்டு நாளுக்குள் உலர்த்த முடியாது என்றால் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டால் பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்து வடிந்தால், சேறு காய்வதற்குள் மெதுவாகக் கழுவி, கதவு சன்னல்களை எல்லாம் திறந்து வையுங்கள். சுவர் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பழங்கட்டடக்காரர்களின் உத்தேசக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் ஒன்பது மாதம். அதுவரை பூச்சு வேலைக்கு அவசரப்பட வேண்டாம்.

மின்சாரத்தையும் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் அலங்கார விளக்குகளைப் பழைய ஒயரில் இணைப்பதற்கு முன் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதியுங்கள். மணிக்கூண்டிலோ கோபுரத்திலோ இடிதாங்கி இருந்தால் அதன் கம்பி நிலம் வரை அறுபடாமல் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தேசிய மரபுடைமைச் சட்டம் 2005இல் வந்தது. உங்கள் கட்டடம் அதன் கீழ் பதிவாகியிருந்தால் மாற்றம் எதுவும் செய்யும் முன் தேசிய மரபுடைமைத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். நம் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களும் சிறு ஆலயங்களும் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதனால் அவற்றைக் கேட்க ஆளில்லை, காக்கும் கடமை முழுவதும் குழுவின் தலையில்தான். முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களின் பழுதுபார்ப்புக்கு வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு மானியம் தருகிறது. சங்கப் பதிவு, நில ஆவணம், கட்டடத்தின் இன்றைய நிலையைக் காட்டும் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வைத்தால் ஜூன் வேலைக்கான விண்ணப்பத்தைத் தாமதமில்லாமல் அனுப்பலாம்.

வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், அல்லது வெள்ளிக்கிழமை பூசைக்கு முந்திய காலையில், இளைஞர்கள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு கூரையோரக் கால்வாயில் தொடங்குங்கள். ஏணியின் அடியைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் யாரும் ஏறக்கூடாது. தூரத்தில் இடி கேட்டால் உடனே இறங்கிவிடுங்கள்.