புரட்டாசியில் கடற்கரை

கேள்வி: ஐப்பசி அடைமழைக்கு முன், கூட்டமில்லாத கடற்கரையில் இரண்டு தினங்கள் தங்க எங்கே செல்லலாம்?
— வாசகர், ஜெயமங்கலம்

பதில்: மலையடிவாரத்தில் வசிக்கும் தங்களுக்கு, மதுரை மார்க்கமாக ஒரே பகலில் சென்றடையக்கூடியதும், 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தால் பிரசித்தி பெற்றதுமான இராமேசுவரத் தீவே உத்தமமானது என்பது என் அபிப்பிராயம். மகாளய அமாவாசையன்று பக்தர்கள் பெருந்திரளாகக் கூடுவார்களாகையால் அத்தினத்தைத் தவிர்த்து, வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்குமுன் புறப்படுங்கள். அத்தீவில், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதா கோயில் இடிபாடுகளுக்கு எதிரில் நிற்கையில், கடலின் சௌந்தரியத்தோடு அதன் வல்லமையையும் மனிதன் உணர்கிறான். அவ்வுணர்ச்சிக்கு ஜனசந்தடியற்ற ஏகாந்தமே உகந்தது. தனுஷ்கோடியில் நீரோட்டம் அபாயகரமானது. ஆகவே ஸ்நானத்தை இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.