வெர்திக்கியோவின் கடைசிக் கசப்பு

இத்தாலிய வெள்ளை ஒயின் என்றதும் பலரும் பீனோ கிரீஜோவைத்தான் கேட்கிறார்கள். என் ஓட்டு வெர்திக்கியோவுக்கு. ஆட்ரியாட்டிக் கடலோரம் இருக்கும் மார்க்கே மாநிலத்தின் திராட்சை அது. அன்கோனா துறைமுகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் யேசி என்ற ஊர் வரும். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் பெரும்பகுதி விளைகிறது. ‘வெர்திக்கியோ தெய் காஸ்தெல்லி தி யேசி’ என்ற பெயருக்கு 1968 முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பெயர் போட்ட பாட்டிலில் குறைந்தது 85 சதவீதம் வெர்திக்கியோ இருந்தாக வேண்டும்.

புதிதாகக் குடிப்பவர்கள் முகம் சுளிப்பது இதன் கசப்புக்குத்தான். விழுங்கிய பிறகு, தோலோடு மென்ற பாதாம்போல ஒரு மெல்லிய கசப்பு அடிநாக்கில் தங்கும். ஒயின் கெட்டுவிட்டதென்று கிளாஸைத் தள்ளி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கெடவில்லை, இந்தத் திராட்சையின் குணமே அதுதான். அந்தக் கசப்புக்கு ஏற்ற சாப்பாடு கிடைத்துவிட்டால் ஒயின் தானாகவே பிடித்துப் போகும்.

முதலில் குளிர்ச்சியைச் சரி செய்யுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினால் புளிப்பு மட்டுமே தெரியும், வாசனை அடங்கிக் கிடக்கும். கால் மணி நேரம் வெளியே வைத்து, 10 டிகிரியை ஒட்டி வந்ததும் ஊற்றுங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், அப்புறம் லேசாகச் சோம்பு என்று வாசனைகள் ஒவ்வொன்றாக வரும். வெள்ளைத் துணிக்கு மேல் கிளாஸைச் சாய்த்தால் வெளிர்மஞ்சளில் பச்சைச் சாயல் ஓடும். ஒரு மடக்கு எடுத்து, வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்குங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் புளிப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

இனி சாப்பாடு. அன்கோனாவுக்குப் பக்கத்தில் போர்த்தோநோவோ என்ற சின்னக் கடற்கரை இருக்கிறது. அங்கே பாறைகளில் தானாக வளரும் மஸல் சிப்பிகளை ‘மோஷியோலி’ என்கிறார்கள். ஆலிவ் எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, சிப்பிகளைக் கொட்டி மூடிவிடுவார்கள். அவை வாய் திறந்ததும் மிளகும் பார்ஸ்லியும் தூவினால் முடிந்தது. சிப்பியில் தேங்கியிருக்கும் உப்புச் சாற்றை உறிஞ்சிவிட்டு ஒரு மடக்கு வெர்திக்கியோ குடித்துப் பாருங்கள். உப்பு பட்டதும் கசப்பு பின்வாங்கும், எலுமிச்சை முன்னால் வரும். இந்தப் பொருத்தத்துக்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன்.

எண்ணெயில் பொரித்தவையும் நன்றாகவே சேரும். நெத்திலி, கணவாய் வறுவலும் சரி, இறைச்சி அடைத்துப் பொரித்த அஸ்கோலி ஆலிவ் காய்களும் சரி, வாயில் படியும் எண்ணெயை இந்தப் புளிப்பு துடைத்துவிடும். அன்கோனாவின் மீன் குழம்பான ‘ப்ரொதெத்தோ’வில் 13 வகை மீன் சேர வேண்டும் என்பது மரபு. தக்காளியும் வினிகரும் விழும் அந்தக் குழம்புக்கு முன்னால் புளிப்புக் குறைந்த ஒயின்கள் சப்பென்று ஆகிவிடும். வெர்திக்கியோ தாக்குப்பிடிக்கும். காட்டுச் சோம்பு போட்டுச் சமைத்த முயல் கறியையும் விட்டுவிடாதீர்கள், ஒயினில் இருக்கும் அதே வாசனை தட்டிலும் இருக்கும். இனிப்புச் சாஸ் ஊற்றிய எதையும் இதனோடு வைக்காதீர்கள். இனிப்புக்குப் பிறகு இந்த ஒயின் வெறும் புளிப்பும் கசப்புமாகத்தான் தெரியும்.

வாங்கும்போது பாட்டிலின் வடிவத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பழங்காலக் குடுவை போன்ற பச்சைப் பாட்டிலை ஃபாத்ஸி பத்தாலியா நிறுவனம் 1953இல் கொண்டுவந்தது, உலகெங்கும் வெர்திக்கியோவின் முகமாக ஆனதும் அதுதான். ஆனால் இன்றைய நல்ல ஒயின்கள் பலவும் சாதாரண பாட்டிலிலேயே வருகின்றன. லேபிளில் ஆண்டைப் பாருங்கள். புத்துணர்ச்சிதான் வேண்டுமென்றால் அறுவடையாகி இரண்டு, மூன்று ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டும். மலைகளுக்கு நடுவே, கடற்காற்று எட்டாத பள்ளத்தாக்கில் விளையும் மத்தேலிக்கா வெர்திக்கியோ இன்னும் இறுக்கமாக இருக்கும். அதை இரண்டாவதாக வாங்குங்கள். முதல் பாட்டில் யேசியின் ‘கிளாசிக்கோ சுப்பீரியோரே’வாக இருக்கட்டும், சாப்பாடு மேசைக்கு வந்த பிறகே அதைத் திறங்கள்.