அணுகுண்டு மிரட்டல்: பூச்சாண்டியா, பேராபத்தா?

"குரைக்கிற நாய் கடிக்காது" என்பது நம் பாட்டிமார் வாக்கு. அயல்நாட்டாரை நாயோடு ஒப்பிடுவது பண்பன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு சர்வாதிகாரி, தம்மிடம் அணுகுண்டு உண்டு, தேவையானால் வீசுவோம் என்று முழங்கும்போது, கேட்பவர் மனத்தில் இந்தப் பழமொழிதான் முதலில் எழுகிறது. வெறும் பூச்சாண்டி என்று சும்மா இருப்பதா? மெய்யென்று நம்பி அஞ்சி ஒடுங்குவதா? முதலாவதில் கணக்குத் தப்பினால் நகரங்கள் சாம்பலாகும். இரண்டாவதில் தப்பினால், மிரட்டுகிறவர் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டே இருக்க நேரிடும்.

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடப்பதை நம் பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. காய் கொண்டுவந்தவர் எவ்வளவு புகழ்ந்தாலும் வியாபாரி அதற்காக விலையைக் கூட்டுவதில்லை. மாதிரிக் காயைக் கையில் எடுத்து, நிறமும் பருமனும் பார்த்த பிறகே விலை கேட்கிறார். மிரட்டலையும் இவ்வாறே எடைபோட வேண்டும் என்பது பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்கள் எண்ணம். பேசுகிறவரின் வாயைவிட, அவர் கைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். நம் நாட்டுக்கே நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

1986ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் ராணுவம் 'பிராஸ்டாக்ஸ்' என்னும் மாபெரும் போர்ப் பயிற்சியை நடத்தியது. அதற்குத் திட்டம் வகுத்த தளபதி சுந்தர்ஜி செங்கல்பட்டில் பிறந்த தமிழர் என்பது நமக்குக் கூடுதல் செய்தி. அப்போது பாகிஸ்தானின் கடிவாளம், 1977இல் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்த ஜெனரல் ஜியா உல் ஹக் கையில் இருந்தது. இது பயிற்சிதானா, படையெடுப்பா என்று ஐயுற்ற அவர் தம் படைகளைப் பஞ்சாப் எல்லைக்கு அருகே நகர்த்தினார். நம் அரசும் 1987 ஜனவரியில் விமானங்களில் வீரர்களைப் பஞ்சாபுக்கு அனுப்பியது.

அந்த ஜனவரி 28ஆம் நாள், பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதீர் கான், நம் நாட்டுப் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் பேசினார். தங்களிடம் அணுகுண்டு இருக்கிறது, நாட்டின் இருப்புக்கே ஆபத்து வந்தால் அதைப் பயன்படுத்துவோம் என்பது அவர் பேச்சின் சாரம். அது லண்டன் 'அப்சர்வர்' இதழில் வெளிவந்தது எப்போது? மார்ச் முதல் தேதி! அதற்குள் பிப்ரவரி 4ஆம் தேதியே படைகளைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள இரு நாடுகளும் உடன்பட்டுவிட்டன. அதே மாதத்தில் ஜியா, கிரிக்கெட் பார்க்கும் சாக்கில் ஜெய்ப்பூருக்கே வந்து புன்னகை செய்துவிட்டுப் போனார். விஞ்ஞானி கனல் கக்க, அதிபர் கைகுலுக்குகிறார்! பின்னர் கான் தாம் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். ஜியாவோ, வேண்டும்போது குண்டு செய்ய எங்களால் முடியும் என்று 'டைம்' இதழிடம் கூறினார்.

வாயை மட்டும் பார்த்தால் நமக்குக் குழப்பமே மிஞ்சும். கையைப் பார்ப்போம். ராவல்பிண்டிக்கு அருகே கஹூட்டாவில் யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அது பூச்சாண்டி அன்று. ஆனால் குண்டை வெடித்துச் சோதித்தது பதினோராண்டுகள் கழித்து, 1998 மே 28இல், நம் பொக்ரான் சோதனைகளுக்குப் பிறகுதான். ஆகவே 1987இல் ஆற்றல் வளர்ந்துகொண்டிருந்தது மெய். அன்றைக்கே வீசிவிடுவார்கள் என்பதற்கு அடையாளம் இல்லை. ஒரே மிரட்டலில் பாதி மெய்யும் பாதி பாசாங்கும் கலந்திருக்கக்கூடும்!

இரண்டாவது நிகழ்ச்சியில் ஆட்சியாளர் ஜெனரல் முஷாரப். 2001 டிசம்பர் 13இல் நம் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட பின்னர், இரு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய பத்து லட்சம் வீரர்கள் எல்லையில் மாதக்கணக்கில் எதிரெதிரே நின்றனர். 2002 மே மாத இறுதியில் பாகிஸ்தான் நான்கு நாட்களுக்குள் மூன்று ஏவுகணைகளைச் சோதித்தது. ஆனால் எங்களை அதிகம் சிந்திக்க வைத்தது அந்த ஆர்ப்பாட்டமன்று. அதே ஆண்டு ஜனவரியில், அந்நாட்டு அணு ஆயுத நிர்வாகத்தின் தலைவர் காலித் கித்வாய், இத்தாலிய ஆய்வாளரிடம் அடக்கமான குரலில் சொன்னவை. நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்தால், படையில் பெரும்பகுதி அழிந்தால், பொருளாதாரம் நெரிக்கப்பட்டால், உள்நாட்டில் பெருங்குழப்பம் தூண்டப்பட்டால் அணு ஆயுதத்தை எடுப்போம் என்றார். எல்லைக்கல் நட்டு, இதைத் தாண்டாதே என்று சொல்கிறவரின் பேச்சை வெற்று முழக்கமாகத் தள்ளிவிட முடியாது. நம் படைகள் எல்லையைத் தாண்டவில்லை. அக்டோபரில் திரும்பத் தொடங்கின. எல்லாம் அடங்கிய பிறகு டிசம்பர் இறுதியில் முஷாரப், இந்தியப் படை நுழைந்திருந்தால் வழக்கமான போர் நடந்திராது என்று வீரம் பேசினார். அணுகுண்டைச் சொல்லவில்லை என்று அவருடைய அதிகாரிகளே விளக்கம் கூற வேண்டியதாயிற்று.

ஒருமுறை பொய் சொன்னவர் எப்போதும் பொய்தான் சொல்வார் என்று முடிவு கட்டுவதும் அபாயம். சோவியத் தலைவர் குருஷேவ் 1950களின் இறுதியில் தம் ஏவுகணைகளைப் பற்றி மிகையாகப் பெருமையடித்தார். வேவு செயற்கைக்கோள்கள் படம் எடுத்தபோது அவை வெகு சிலவே என்று தெரிந்தது. அதே குருஷேவ் 1962இல் கியூபாவுக்கு மெய்யாகவே அணு ஆயுதங்களை அனுப்பினார். அந்த அக்டோபரில் உலகம் மூச்சடக்கி நின்றது. திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் வானொலி வழியே சமாதானத்துக்காக மன்றாடினார்.

சர்வாதிகாரியின் மிரட்டலை எடைபோடுவது ஏன் இத்தனை கடினம்? மக்களாட்சியில் தலைவர் ஒன்று சொன்னால் எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், பத்திரிகைகள் குடையும். உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும். சர்வாதிகாரியின் அவையில் அவருக்கு இனிப்பானதையே சொல்வார்கள். ஆகவே வெளியிலிருப்போருக்கு அவர் மனம் தெரியாது. அவருக்கும் நிலவரம் சரியாகத் தெரியாமல் போகலாம். இதில் இரண்டாவதுதான் எங்களுக்கு அதிக அச்சம் தருகிறது. நாற்காலியை விரும்புகிறவர் தம் நாட்டை எரித்துக்கொள்ள விரும்பமாட்டார் என்று ஆறுதல் கொள்ளலாம். தவறான தகவலால் மூளும் போருக்கு அந்த ஆறுதல் மருந்தாகாது.

2025 மே மாதத்தில் இந்தக் கேள்வி நம் கம்பம் பள்ளத்தாக்கு வீடுகளுக்குள்ளேயே வந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் பஞ்சாபில் ராணுவப் பணியில் இருந்தார். கைப்பேசி வதந்திகளைப் படித்துப் படித்து அவள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மே 10ஆம் தேதி, அணு ஆயுதங்களுக்குப் பொறுப்பான குழுவைப் பாகிஸ்தான் பிரதமர் கூட்டுகிறார் என்று செய்தி வந்தது. சற்று நேரத்தில் அப்படிக் கூட்டமே இல்லை என்று அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கூறினார். மாலை ஐந்து மணிக்குச் சண்டை நிறுத்தம்! அப்போது அங்கே தேர்தலில் வந்த அரசு இருந்தது என்றாலும் ராணுவத்தின் கையே ஓங்கியிருந்தது. அந்தச் செய்தி டெல்லியை விட வாஷிங்டனுக்கே சொல்லப்பட்டது என்று நாங்கள் கருதுகிறோம். தெருவில் சண்டையிடுபவர், யாரேனும் வந்து விலக்கிவிடட்டும் என்று குரலை உயர்த்துவதில்லையா?

கையைப் பார்க்க வேண்டும் என்றோமே, அதற்கு இன்னும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31இல் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் தேதி, தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மற்றவரிடம் கொடுக்கின்றன. படைகள் எதிரெதிரே நின்ற 2002ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளிலும் அந்தப் பட்டியல்கள் தவறாமல் கைமாறின.